முகம் சரி, இடம்தான் தப்பு

ஜூன் 3, செவ்வாய்

இன்று பதினோரு பேருக்குக் கண் பார்த்தேன். ஒருவர் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டுமாம். நான் சத்தம் காட்டாமல் வேறு பலகையை மாட்டினேன். மனிதர் அசரவில்லை. பழைய வரிசையையே கடைசி எழுத்துவரை கம்பீரமாக ஒப்பித்தார். முதலாளி சிரிப்பை அடக்க முடியாமல் பின்னறைக்கு ஓடினார்.

நாலு மணிக்குப் போலீஸ்காரர் ஒருவர் வந்து சம்மன் கொடுத்துவிட்டுப் போனார். ஜூலை 14, காலை பத்தரை. அதோடு சிரிப்பு போயிற்று.

எதிரே பூட்டுக்கடை மூடியேதான் கிடக்கிறது. போன வருஷம் ஏப்ரல் 16, மாலை ஆறே முக்கால். நான் எங்கள் கண்ணாடிக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். பூட்டுக்கடையிலிருந்து ஒருவன் வெளியே வந்தான். விளக்குக் கம்பத்தடியில் நின்றான். என்னைப் பார்த்தான். நடந்து போனான். ஓடக்கூட இல்லை. பத்து நிமிஷம் கழித்து அக்கா, பூட்டுக்காரரின் மனைவி, பிளாஸ்க்கோடு வந்தார். அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சாவி வெட்டும் மேஜைக்கு அடியில் பூட்டுக்காரர் கிடந்தார். தலையில் அடி.

பார்த்த சாட்சி நான் ஒருத்திதான்.

ஜூன் 8, ஞாயிறு

நாத்தனார் வந்தாள். அவள் எழுத்தராக இருந்த கிளப் நூலகத்தை இடித்தபோது, எடைக்குப் போகவிருந்த மூன்று பெட்டிப் புத்தகங்களை வண்டி பிடித்து ஏற்றிக்கொண்டு வந்தவள் அவள். எல்லாம் அமெரிக்கச் சரக்கு, ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அச்சானவை. பிரித்தால் தும்மல் வரும். பாகப்பிரிவினை சண்டையில்லாமல் முடிந்தது. நிஜக் கொலைகள் எனக்கு, நாவல்கள் அவளுக்கு.

“அண்ணி, உங்க புத்தகத்துல பத்தாவது பக்கத்துலயே ஆள் செத்துடறான். அப்புறம் முந்நூறு பக்கம் எதுக்கு?”

“உன் புத்தகத்துல முந்நூறு பக்கம் ஆகியும் யாரும் எதுவும் பண்றதில்ல. காபிய குடிச்சுக்கிட்டு ஜன்னல் வழியா மழைய பாத்துக்கிட்டே இருக்காங்க. அது எதுக்கு?”

“அவங்க மனசுல எத்தனை நடக்குது தெரியுமா?”

“நடக்கட்டும். என் ஆளுங்க அதை வெளியில செஞ்சு மாட்டிக்கிறாங்க.”

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து வீட்டுக்காரர் சொன்னார்: “ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு நாள் என்னைக் கொன்னுட்டு, எந்தப் பெட்டியில சேர்க்கறதுன்னு சண்டை போடுவீங்க.”

அவள் பெட்டியில் தவறிக் கிடந்ததாக மெல்லிய புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். அட்டை கிழிந்து, எழுதியவர் பெயர்கூட இல்லை. கோதுமை விளையும் சமவெளியில் ஒரு சின்ன ரயில் ஊர். தானியக் கிடங்குக் காவலாளியை யாரோ கொன்றுவிட்டார்கள். பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தது ஒரு பள்ளிக்கூட டீச்சர்.

ஜூன் 11, புதன்

நாற்பது பக்கம் ஆயிற்று. டீச்சர் கோர்ட்டில் சொல்கிறாள்: ஆயிரம் பேரோடு நிறுத்தினாலும் இந்த முகத்தைக் காட்டுவேன். எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

அக்கா கடைக்கு வந்தார். சம்மன் வந்த விஷயம் அவருக்கும் தெரிந்திருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்து, கைக்குட்டையை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

“கோர்ட்டுல உன்னை மிரட்டுவாங்களாம். பயப்படாத. நானும் வர்றேன், முன்னாடியே உக்காந்துக்கறேன்.”

“சரிக்கா.”

“நீ இருக்கிற தைரியத்துலதான் நான் தூங்கறேன்.”

முதலாளி வாடிக்கையாளரிடம் பெருமையாகச் சொன்னார்: “கண்ணைச் சோதிக்கிறவங்களே சாட்சி. இதுக்கு மேல என்ன வேணும்?” கொலை நடந்த அன்றைக்கு வந்த இன்ஸ்பெக்டரும் இதையேதான் சொன்னார்.

ஜூன் 15, ஞாயிறு

புத்தகம் முடிந்துவிட்டது. முடிக்காமலே இருந்திருக்கலாம்.

டீச்சர் காட்டிய இளைஞன் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவன். அவனைக் கொன்றுவிட்டார்கள், சட்டப்படி. ஆறு வருஷம் கழித்து வேறொருவன், வேறொரு ஊரில், சாகக் கிடக்கும்போது தான்தான் செய்தேன் என்கிறான். கத்தி புதைத்த இடத்தையும் சொல்கிறான். அப்புறம்தான் யாரோ கேட்கிறார்கள்: அப்படியென்றால் டீச்சர் எப்படி அத்தனை உறுதியாகச் சொன்னாள்? பொய் சொன்னாளா?

பொய்யில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மாவைப் பார்க்கப் போக அவள் டிக்கெட் வாங்கியது அவனிடம்தான். பெயர் தெரியாது, பேசியது கிடையாது. ஆனால் முகம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. போலீஸ் வரிசையில் அவனைப் பார்த்ததும் மனசு, ‘இவனைத் தெரியும்’ என்றது. எங்கே தெரியும் என்று அவள் மனசைக் கேட்கவில்லை.

முகம் சரி. இடம்தான் தப்பு.

மழை வரும்போலிருந்தது. துணியை எடுக்க மாடிக்குப் போனேன். எடுக்காமலே இறங்கி வந்திருக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

எனக்கு அவனை முன்னாலேயே தெரியுமோ?

ஜூன் 18, புதன்

நேர்மையாக எழுதிப் பார்க்கிறேன். இங்கே பொய் சொல்லி யாரை ஏமாற்ற?

சம்பவத்தன்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது நான் சொன்னது: ஒல்லி, சுமாரான உயரம், நீலச் சட்டை. “முகம்?” என்றார். “நேர்ல பாத்தா சொல்லிடுவேன் சார்” என்றேன். மூக்கு எப்படி, நெற்றி எப்படி என்று கேட்டார். ஒன்றும் சொல்ல வரவில்லை. இது நடந்தது. எழுதியும் வைத்திருப்பார்கள்.

ஒன்பது நாள் கழித்து அடையாள அணிவகுப்பு. எட்டு பேர். மாஜிஸ்திரேட் முன்னால் நான் கண் இமைக்கிற நேரத்தில் ஐந்தாவது ஆளைக் காட்டினேன். ஏசி மெக்கானிக், இருபத்தெட்டு வயசு. பூட்டுக்காரரோடு அவனுக்கு ஏற்கெனவே ஒரு வாய்த்தகராறு: யாருடைய வீட்டுச் சாவிக்கோ நகல் கேட்டிருக்கிறான், இவர் முடியாது என்று விரட்டியிருக்கிறார். தெருவே பார்த்திருக்கிறது, நான் அன்று லீவு. அதனால்தான் போலீஸ் அவனைப் பிடித்தது. என் விரல்தான் வழக்கை நிமிர்த்தியது.

எனக்கு அப்போது என்ன தோன்றியது? விளக்குக் கம்பம் தோன்றியதா? நீலச் சட்டை தோன்றியதா?

இல்லை. ‘அட, இவனா’ என்றுதான் தோன்றியது.

இவனா — என்றால்? யாரு இவன் எனக்கு?

ஜூன் 20, வெள்ளி

மதியம் முதலாளி சாப்பிடப் போனதும் போன வருஷத்து அலமாரியைத் திறந்தேன். பரிசோதனைச் சீட்டுகளை மாத வாரியாக ரப்பர் போட்டுக் கட்டி வைப்பது நான்தான். ஏப்ரல் கட்டு. மேலிருந்து ஒவ்வொன்றாக.

பதினெட்டாவது சீட்டு.

அவன் பெயர். அவன் வயசு. ஏப்ரல் 12. என் கையெழுத்து, என் சுருக்கொப்பம். வலது கண் மைனஸ் ஒன்றேகால், இடது ஒன்றரை. கறுப்பு பிரேம், சதுரம். கீழே சிவப்பு மையில்: ‘வாங்கவில்லை.’ எப்படி வாங்குவான், உள்ளே இருக்கிறவன்?

கொலைக்கு நாலு நாள் முன்னால் அவன் என் இயந்திரத்தில் நாடியை வைத்து உட்கார்ந்திருக்கிறான். ஒரு முழத் தூரத்தில், பளீரென்ற வெளிச்சத்தில், கால் மணி நேரம் நான் அந்த முகத்தையே பார்த்திருக்கிறேன். ‘இது தெளிவா? இப்பவா, முன்னாடியா?’ என்று கேட்டிருக்கிறேன்.

அடுத்து வந்த அம்மாளுக்கு லென்ஸ் மாற்ற மறந்து இரண்டு தடவை ஒன்றையே காட்டிவிட்டு எது தெளிவு என்று கேட்டேன். “ரெண்டும் ஒண்ணுதானேம்மா” என்றார்.

சீட்டு இப்போது என் பையில்.

ஜூன் 22, ஞாயிறு

நாத்தனாரிடம் மட்டும் சொன்னேன். சமையலறையில், குழாயைத் திறந்துவிட்டு. ஏதோ நாங்களே கொலை செய்தவர்கள் போல.

சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள்.

“அப்ப அவன் கொல்லலையா?”

“அது எனக்குத் தெரியாது. அவனாவும் இருக்கலாம். நான் பார்த்தது அவனையான்னுதான் இப்ப தெரியல.”

“அண்ணி, உங்க புத்தகத்துல அந்த டீச்சர் கடைசியில என்ன ஆனாங்க?”

யோசித்தேன். டீச்சருக்குக் கடைசியில் ஒரே ஒரு வரி: வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தாள்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“என் பெட்டியில இருக்கிறவங்க அந்த ஒரு வரியத்தான் முந்நூறு பக்கம் எழுதறாங்க” என்றாள். அப்புறம் மெதுவாக, “காபிய வெச்சுக்கிட்டு மழைய பாக்கறது ஏன்னு கேட்டீங்களே” என்றாள்.

நான் குழாயை மூடினேன்.

ஜூன் 25, புதன்

இன்ஸ்பெக்டரைப் பார்க்கப் போனேன். மரியாதையான மனிதர், எழுந்து நாற்காலி போட்டார். சீட்டின் நகலைப் பார்த்தார். அசலை வெளியே எடுக்கவில்லை. இத்தனை கொலைப் புத்தகங்கள் படித்ததில் அவ்வளவாவது புத்தி வந்திருக்கிறது.

“இது நல்லதுதானே மேடம். கொலைக்கு முன்னாடி அவன் அந்தத் தெருவுக்கு வந்து நோட்டம் பாத்திருக்கான். இதை நான் சேர்த்துக்கறேன்.”

“சார், அதில்ல. நான் காட்டினது இங்க பார்த்த முகமாவும் இருக்கலாம்னு —”

“கண்ணாடிக்கு வந்தவங்க எல்லாரையும் ஞாபகம் வெச்சிருக்கீங்களா?”

“இல்ல.”

“அப்ப இவன் மட்டும் ஏன் ஞாபகம் வந்தான்? கொலை நடந்த இடத்துல பார்த்ததாலதானே?”

கேள்வி நியாயமானதுதான். அணிவகுப்பில் நின்ற எட்டு பேரில் நான் முன்பு பார்த்தவன் அவன் ஒருத்தனாக இருந்தால்? இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பேனாவை மூடி வைத்தார். குரல் மாறவில்லை, ஆனால் அறை மாறிவிட்டது.

“மாஜிஸ்திரேட் முன்னாடி கையெழுத்துப் போட்டிருக்கீங்க. கோர்ட்டுல மாத்திச் சொன்னா பொய்ச்சாட்சின்னு உங்க மேலயே கேஸ் வரும். உங்க நல்லதுக்குச் சொல்றேன், போய் நிம்மதியா இருங்க. அசல் எங்க இருக்கு?”

“வீட்டுல” என்றேன். பையில்தான் இருந்தது.

ஜூன் 26, வியாழன்

வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் அவருடைய பணிமனைக்கே போன் செய்திருக்கிறார்.

“எதுக்கு இந்த வேண்டாத வேலை? யாரோ எவனோ! நாளைக்கு உன்னைத் தூக்கி உள்ள வெச்சா யார் வருவா? அந்தப் புத்தகமா வரும்?”

“நான் சந்தேகப்படறேங்க. சந்தேகம்னு சொல்லக் கூடாதா?”

“பதினாலு மாசமா இல்லாத சந்தேகம்!”

“பதினாலு மாசமா யாரும் கேக்கல. நானும் கேக்கல.”

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் — எதற்கெடுத்தாலும் இதை ஒப்பிக்கிற மனுஷன். எதிர்வீட்டுப் பூனை பால் குடித்த விவகாரத்தில்கூடச் சொன்னார். இன்று மட்டும் வாயில் வரவில்லை.

கோபம் இல்லை அது. பயம். காலையில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். நானும் சொல்லவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

ஒரு பக்கம்கூடப் படிக்க ஓடவில்லை. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் யாரோ யாரையோ கை காட்டுகிறார்கள்.

ஜூலை 4, வெள்ளி

விளக்குக் கம்பத்தடியில் போய் நின்று பார்த்தேன், ஆறே முக்காலுக்கு. நான் அன்று நின்ற இடத்தில் முதலாளியை நிறுத்தினேன். முணுமுணுத்துக்கொண்டே நின்றார். திரும்பி வந்து, “என் முகம் தெரிஞ்சுதா?” என்றேன்.

“நீதான்னு தெரிஞ்சதால தெரிஞ்சுது” என்றார்.

தெரியாமல் சொல்லிவிட்டார் பாவம். அப்புறம் விஷயம் புரிந்து, “வேலியில போற ஓணானைப் பிடிச்சு மடியில விட்டுக்காதம்மா. கடைப் பேரை இழுத்து விட்டுடாத” என்று கெஞ்சினார்.

கண்ணை மூடி அந்த மாலையைக் கொண்டுவரப் பார்க்கிறேன். சட்டை வருகிறது. நடை வருகிறது. முகம் வரவேண்டிய இடத்தில் நாடியைத் தாங்கியில் வைத்த முகம்தான் வருகிறது, வெளிச்சத்துக்குக் கூசிக்கொண்டு.

ஜூலை 10, வியாழன்

அக்காவிடம் சொல்லிவிட்டேன். கோர்ட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்து அவர் அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று தோன்றியது. அவர் வீட்டுக்கே போனேன். கூடத்தில் பூட்டுக்காரரின் படம். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன்.

முதலில் புரியவில்லை. இரண்டாவது தடவை சொன்னதும் புரிந்தது.

“அப்ப என் வீட்டுக்காரரை யாரு கொன்னா?”

“தெரியலக்கா.”

“தெரியலையா? இத்தனை மாசமா தெரிஞ்சுதே உனக்கு? என் கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னியே, ‘அவன்தான்க்கா, நான் பார்த்தேன்’னு. சொன்னியா இல்லையா?”

“சொன்னேன்.”

“நான் அவனைத் தினமும் சபிச்சிருக்கேன். பேரைச் சொல்லி, அவன் குடும்பத்தைச் சொல்லி. நீ குடுத்த பேருடி அது!”

‘டி’ போட்டு இதுவரை அவர் என்னைக் கூப்பிட்டதில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்ளும்வரை அப்படியே நின்றார். அந்தக் கால் நிமிஷம்!

தெருமுனை வரைக்கும் வந்தப்புறம்தான் அழுகை வந்துச்சு. யாருக்காக அழுதேன்னு தெரியல. அக்காவுக்கா, அவனுக்கா, எனக்கா. என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்?

ஜூலை 12, சனி

அரசு வக்கீல் கூப்பிட்டு ஒத்திகை பார்த்தார். “ஆமா, இல்ல. இந்த ரெண்டு வார்த்தை போதும். நடுவுல எதையும் சொருகாதீங்க.” தெரியாது என்பது மூன்றாவது வார்த்தை. அவருடைய பட்டியலில் அது இல்லை.

வீட்டுக்காரர் என்னோடு கோர்ட்டுக்கு வர லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. சட்டைப்பையில் நகல் இருந்தது.

ஜூலை 14, திங்கள்

எழுதி வைத்துவிடுகிறேன், மறப்பதற்கு முன்னால். மறப்பு பற்றி இனி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கூண்டில் அவன். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். நீதிபதியின் முகம் அவனுக்குக் கலங்கலாகத்தான் தெரிந்திருக்கும். அவன் பவர் எனக்குத் தெரியும். முதல் வரிசையில் அக்கா. பின்னால் வீட்டுக்காரரும் நாத்தனாரும்.

“என்ன வேலை பார்க்கறீங்க?” அரசு வக்கீல் இனிமையாகத்தான் ஆரம்பித்தார்.

“கண் பரிசோதனை.”

“எத்தனை வருஷமா?”

“இருபத்திரண்டு.”

“உங்க சொந்தப் பார்வை எப்படி?”

“குறை ஒண்ணுமில்ல.”

“போன வருஷம் ஏப்ரல் 16 சாயந்திரம் பூட்டுக்கடையிலிருந்து வெளிய வந்தவர் இந்தக் கோர்ட்டுல இருக்காரா?”

எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வருபவர்களிடம் எனக்கு எப்போதும் இளக்காரம் உண்டு. பதில் எனக்கும் மனப்பாடமாகத்தான் இருந்தது. நாக்கு நுனி வரை வந்தது. இரண்டு எழுத்து. சொன்னால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

“தெரியாது” என்றேன்.

யாரோ மூச்சை இழுக்கும் சத்தம். அக்காவாக இருக்கும். நான் பார்க்கவில்லை.

“அணிவகுப்பில் நீங்கள்தானே அடையாளம் காட்டினீர்கள்?” என்று நீதிபதி கேட்டார்.

“நான்தாங்க. அப்ப நிச்சயம்னு நெனச்சேன். அதுக்கு நாலு நாள்... இல்ல, கொலைக்கு நாலு நாள் முன்னாடி இவருக்கு நான் கண் பார்த்திருக்கேன். அது எனக்கு ஞாபகமே இல்ல. போன மாசம்தான் சீட்டைப் பார்த்தேன். என் கையெழுத்து.” பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். “முகம் எனக்குத் தெரிஞ்ச முகம்தாங்க. எங்க பார்த்த முகம்னு என்னால இப்ப சத்தியமா சொல்ல முடியாது.”

அரசு வக்கீலின் இனிமை போய்விட்டது. என்னைப் பிறழ்சாட்சி என்று அறிவிக்கச் சொல்லிவிட்டு அவரே குறுக்கு விசாரணை செய்ய ஆரம்பித்தார். நாற்பது நிமிஷம்.

“திடீர்னு இந்த ஞானம் எங்கிருந்து வந்தது? யார் சொல்லிக் குடுத்தாங்க?”

“யாரும் இல்ல. ஒரு புத்தகம் படிச்சேன்.”

“என்ன புத்தகம்?”

“பழைய அமெரிக்கப் புத்தகம். அதுல இதே மாதிரி —”

கோர்ட் சிரித்தது. நன்றாகவே சிரித்தது. அரசு வக்கீல் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார், நடிகர் மாதிரி. “அமெரிக்காவுல எவனோ எழுதினதைப் படிச்சுட்டு இங்க ஒரு கொலைகாரனை விடச் சொல்றீங்க?”

காது சுட்டது. ஆனால் குரல் எப்படியோ வந்தது.

“விடச் சொல்லலைங்க. அவர் கொல்லலைன்னும் நான் சொல்லல. புத்தகம் என்னைக் கேள்வி கேட்டுச்சு, அவ்வளவுதான். பதில் அலமாரியில இருந்துச்சு.”

எதிர்த்தரப்பு வக்கீலம்மா எழுந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். சம்பவத்தன்று முகத்தைப் பற்றி நான் போலீஸிடம் என்ன சொன்னேன்? ‘ஒன்றும் சொல்ல வரவில்லை’ என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வரும்போது அக்கா என்னைத் தாண்டிப் போனார். முந்தானை என் கையில் பட்டது. திரும்பவில்லை.

வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். “தீர விசாரிப்பதே மெய்” என்றார், சம்பந்தமில்லாதவர் போல ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

ஜூலை 15, செவ்வாய்

காய்ச்சல். கடைக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தெருவில் பேச்சு நின்றுவிட்டது. நான் போகும்போது நிற்கிறது, தாண்டியதும் தொடர்கிறது. தையல்கடைக்காரர் மட்டும் நேராகவே கேட்டார்: “எவ்வளவு குடுத்தாங்க?” பூட்டுக்காரர் இருந்தபோது இவர்கள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். அவருக்கும் இழப்புதான்.

இன்ஸ்பெக்டர் மிரட்டியபடி வழக்கு எதுவும் என்மேல் வரவில்லை. இதுவரை.

நாத்தனாரின் பெட்டியிலிருந்து முதல் முறையாக நானே ஒரு நாவலை எடுத்தேன். கணவன் செய்த ஏதோ ஒன்றைத் தெரிந்துகொண்டே பக்கத்து வீட்டாரோடு சிரித்துப் பேசி இருபது வருஷம் வாழ்கிற ஒருத்தி. இருநூறு பக்கமாக ஜன்னலோரத்தில்தான் நிற்கிறாள். வைக்க முடியவில்லை. நாத்தனாரிடம் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

விடுதலை. சந்தேகத்தின் பலன்.

முதலாளி ரேடியோவை நிறுத்தினார். இரண்டு பேரும் எதிரே மூடிக் கிடந்த பூட்டுக்கடையைப் பார்த்தோம். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேனா? வரவில்லை. அவன் நிஜமாகவே செய்திருந்தால்? இந்தக் கேள்வி என்னோடு சாகும்வரை இருக்கும். பரவாயில்லை, இது என் கேள்வி. அணிவகுப்பில் சொன்ன அந்தப் பதில்தான் என்னுடையதாக இருக்கவில்லை.

செப்டம்பர் 13, சனி

அந்த மெக்கானிக்கின் கூடப்பிறந்த அக்கா கடைக்கு வந்தாள். கை கூப்பினாள். “உங்களுக்காக நான் சொல்லல” என்றேன். எவ்வளவு கடுமையாக வந்துவிட்டது! அவள் தலையாட்டினாள். “தெரியும். பதினேழு மாசம் ஆயிடுச்சுன்னு மட்டும் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்” என்றாள்.

பதினேழு மாசம். அதில் என் பங்கு எவ்வளவு? நன்றி சொல்ல வந்தாளா, கணக்குத் தீர்க்க வந்தாளா, தெரியவில்லை. இரண்டுக்கும் அவளுக்கு உரிமை உண்டு.

அக்டோபர் 22, புதன்

இன்ஸ்பெக்டர் மாறிவிட்டார். புதிதாக வந்திருப்பவர் பெண். வழக்கைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். அக்காதான் மனு மேல் மனு போட்டாராம், முதலாளி சொன்னார். யார் யாருக்குச் சாவி வெட்டினார் என்று பூட்டுக்காரர் எழுதி வைத்த பழைய பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து பார்க்கிறார்களாம். முதல் தடவை யாரும் அதைத் திறக்கவே இல்லை. என் விரல் இருந்ததே, பதிவேடு எதற்கு?

நவம்பர் 20, வியாழன்

அணிவகுப்புக்கு மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். பத்து பேர். போகும்போதே புது இன்ஸ்பெக்டரிடம், “எனக்கு முகம் இல்லைங்க மேடம், நடையும் சட்டையும்தான்” என்று சொல்லிவிட்டேன். “அதையே சொல்லுங்க” என்றார்.

ஒவ்வொருவரையும் நின்று பார்த்தேன். ஏழாவது ஆள் நிற்கிற விதத்தில் என்னவோ இருந்தது. இருந்ததா, நான் வைத்தேனா? “இவர்னு சொல்ல முடியாது. யாரையும் சொல்ல முடியாது” என்றேன். எழுதிக்கொண்டார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பதிவேட்டில் ஒரு பெயர் கிடைத்திருக்கிறது என்றும், என்னை மட்டும் நம்பி இல்லை என்றும் இன்ஸ்பெக்டர் சொன்னார். யார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வெளியே வராந்தாவில் அக்கா உட்கார்ந்திருந்தார். ஜூலைக்கு அப்புறம் இத்தனை கிட்டத்தில் இன்றுதான். இளைத்திருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன். அவரும் அதே பஸ்ஸுக்குத்தான் வந்தார், நாலு அடி தள்ளி நின்றார். வேறு பஸ் கிடையாது.

ஏறியபோது கூட்டம். அவருக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டார். நான் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றேன். இரண்டு நிறுத்தம் போயிற்று. ஒரு ஆள் அந்த இடத்தைக் கேட்டார். “ஆள் வர்றாங்க” என்று அக்கா சொன்னது கேட்டது.

அப்புறம் திரும்பிப் பார்க்காமலே பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

போய் உட்கார்ந்தேன். மேம்பாலம் தாண்டியதும் அக்கா கேட்டார்.

“இன்னைக்கு இருந்தானா?”

“தெரியலக்கா.”

“அப்படியே சொன்னியா?”

“சொன்னேன்.”

“சரி” என்றார். என் நிறுத்தம் வந்ததும், “பாத்து இறங்கு” என்றார்.